பாலக்கோட்டில் படுக்கை இல்லாத சின்ன கிளினிக்: எப்படி ஆரம்பிக்கலாம், எதை ஆரம்பிக்கவே கூடாது?

வெள்ளைக்கோட்டு கேட்டது:

வணக்கம். எம்பிபிஎஸ், ஃபேமிலி மெடிசின் டிப்ளமோ முடித்தவள். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர். 12 மணி நேர ஷிஃப்ட், வாரத்தில் இரண்டு நைட். வேலையை விட்டுவிட்டு தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் சின்னதாக ஒரு கிளினிக் வைக்கலாம் என்று இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தரைத்தளத்தில் 450 சதுர அடி இடம் பார்த்தாயிற்று.

சொந்தமாக வைத்தாலும் இதே களைப்பு வேறு வடிவத்தில் திரும்பி வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் கேட்கிறேன்.

இரண்டு படுக்கை போடச் சொல்கிறார் கட்டட உரிமையாளர், போடலாமா? மாத்திரைகளை நானே கொடுக்கலாமா, மெடிக்கல் ஷாப் பக்கத்தில் இருந்தால் போதுமா? என்னென்ன பேப்பர் வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனை பேர் பார்த்தால் கட்டுபடியாகும்? ஸ்கேன் மெஷின் வாங்கச் சொல்லி ஒரு ஏஜென்ட் தினமும் போன் செய்கிறார், அது தேவையா?

---

அரூர்க்காரர்:

டாக்டர், படுக்கை வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். பரிசோதனைக் கட்டில் ஒன்று, பக்கத்தில் ஏறி உட்கார ஒரு படிக்கட்டு ஸ்டூல், அவ்வளவு போதும்.

படுக்கை இருந்தால் டிரிப் ஏறும். 500 மில்லி பாட்டில் இறங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம். மாலை ஏழு மணிக்கு ஒருவருக்கு ஏற்றினால் ஒன்பது வரை நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். நடுக்கம் வந்தாலும் மூச்சு முட்டினாலும் பார்க்க வேண்டியது நீங்கள்தான். அடுத்து "காலையில வரைக்கும் இங்கயே இருக்கட்டும் டாக்டர்" என்பார்கள். அப்போது நைட் ஸ்டாஃப் வேண்டும், ஸ்டாஃப் சம்பளத்துக்கு அட்மிஷன் வேண்டும், அட்மிஷனுக்கு நீங்கள் போனை எடுத்தாக வேண்டும். நீங்கள் எதிலிருந்து வெளியே வர நினைக்கிறீர்களோ, அதையே சொந்தக் காசில் கட்டியது போல ஆகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் பர்ன் அவுட்டை, அதாவது தீராத வேலைக் களைப்பை, நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்று வகைப்படுத்தியது. அதில் மூன்று கூறு: சக்தி தீர்ந்துபோவது, வேலை மீது வெறுப்பு வந்து மனம் ஒதுங்கிவிடுவது, செய்கிற வேலையில் பலன் இல்லை என்று தோன்றுவது. சொந்த கிளினிக் பின்னிரண்டையும் நன்றாகவே சரிசெய்யும். ஒரே குடும்பத்தை வருடக்கணக்கில் பார்க்கும்போது நாம் கொடுத்த மாத்திரை வேலை செய்ததா என்று நம் கண்ணிலேயே தெரியும். முதலாவதை அது தானாகக் குறைக்காது, விட்டால் கூட்டும். நேரத்தை போர்டு எழுதும்போதே கட்டிப் போட வேண்டும். ஆறு மாதம் கழித்துக் குறைக்கப் பார்த்தால் ஊர் ஒத்துக்கொள்ளாது.

பாலக்கோட்டுக்கு சுற்று கிராமத்து ஜனம் காலை டவுன் பஸ்ஸில் வந்து மதியத்துக்குள் திரும்பப் பார்க்கும். அதனால் கூட்டம் காலையில்தான். 9.30 முதல் 1.30 வரை 240 நிமிடம். ஆளுக்கு 8 நிமிடம் என்றால் 30 பேர். 24 டோக்கன் மட்டும் கொடுங்கள். மீதி ஆறு இடம் குழந்தைக் காய்ச்சல், வெட்டுக்காயம், மூச்சுத்திணறலுக்கு. இந்த ஆறையும் டோக்கனாகக் கொடுத்துவிட்டால் அவசரக் கேஸ் வரும்போது வரிசை உடைந்து, வெளியே சத்தம் ஏறும், உங்கள் மதிய சாப்பாடு மூன்று மணிக்குப் போகும்.

சுகர், பிபி, மூட்டுவலி மூன்றும் 8 நிமிடத்தில் அடங்காது. வாரத்தில் மூன்று நாள் 3.30 முதல் 5.30 வரை போனில் நேரம் வாங்கி வருபவர்களுக்கு மட்டும், ஆளுக்கு 12 நிமிடம், பத்துப் பேர். இந்த நேரம் இந்த மாவட்டத்துக்கு ரொம்ப அவசியம். வீடு தேடி வந்து சுகர், பிபி மாத்திரை கொடுக்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான். உங்களிடம் வரும் சுகர், பிபி ஆட்களில் நிறையப் பேர் வீட்டில் அந்த மாத்திரை ஏற்கெனவே இருக்கும். அது தெரியாமல் நீங்கள் அம்லோடிபின் என்ற பிபி மாத்திரையை எழுதினால் இரண்டு அம்லோடிபின் விழுங்கிவிட்டு கால் வீக்கத்தோடு வருவார்கள். "வீட்டுல இருக்குற எல்லா மாத்திரை அட்டையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க" என்று டோக்கன் சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள்.

மூட்டுவலி, முதுகு விறைப்பு என்று வருபவரின் பல்லைப் பாருங்கள், எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்று கேளுங்கள். இங்கே நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. ஆனாலும் தோட்டத்து போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் இன்னும் உண்டு. கேட்காமல் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை எழுதிக்கொண்டே போனால் மூட்டுவலி அப்படியே இருக்கும், கிட்னிதான் கெடும்.

அவசரத் தட்டு ஒன்று தனியாக, பூட்டு இல்லாமல், கட்டிலுக்கு கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்:

அட்ரினலின் 1 மி.கி./1 மில்லி ஆம்பூல் ஐந்து. எந்த ஊசி போட்டாலும் அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான திடீர் அலர்ஜி, வரலாம். பெரியவர்களுக்கு 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கம் நடுவில், தசையில். குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மில்லி. சரியாகவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து மறுபடி. ஏவில், ஹைட்ரோகார்ட்டிசோன் என்று ஆரம்பித்து அட்ரினலினைத் தள்ளிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. டோஸை பெரிய எழுத்தில் எழுதித் தட்டின் மூடியில் ஒட்டுங்கள்.

அட்ரோபின் 0.6 மி.கி. ஆம்பூல் இருபதாவது வேண்டும். தக்காளித் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஊர் இது. ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து விஷத்துக்கு முதல் டோஸே 1.8 முதல் 3 மி.கி., அதாவது மூன்று முதல் ஐந்து ஆம்பூல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நெஞ்சைக் கேட்டு, தேறவில்லை என்றால் இரட்டிப்பாக்க வேண்டும். ஐந்து ஆம்பூல் மட்டும் வைத்திருப்பவருக்கு 108 வருவதற்குள் மருந்து தீர்ந்துவிடும்.

ஆக்சிஜன் பி டைப் சிலிண்டர் ஒன்று. நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் ஐந்து மணி நேரம் வரும். திறக்கிற சாவியை சிலிண்டர் கழுத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டுங்கள். திங்கட்கிழமை தோறும் கேஜ் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து கிளினிக்கில் வேண்டாம். கடித்த நேரத்தை எழுதி, கையையோ காலையோ அசையாமல் வைத்து, கட்டு எதுவும் இறுக்காமல் 108இல் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். போகும்போதே அங்கே போன் செய்துவிடுங்கள்.

---

கிளினிக்_பேப்பர்_கிருஷ்ணகிரி:

மேடம், பேப்பர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு, அதற்கு 30 மணி நேர சிஎம்இ (தொடர் மருத்துவக் கல்வி) கிரெடிட். போர்டில் போடப்போகும் கூடுதல் படிப்பும் அங்கே பதிவாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் போர்டில் போட முடியாது.

அடுத்தது 1997ஆம் ஆண்டு கிளினிக் ஒழுங்குமுறைச் சட்டம், அதற்கு 2018இல் வந்த விதிகள். விண்ணப்பம் மாவட்ட மருத்துவப் பணிகள் ஜேடி (இணை இயக்குநர்) அலுவலகம் வழியாகப் போகும். படுக்கை இல்லாத ஒரே டாக்டர் கிளினிக்குக்கும் இது வேண்டும். ஆய்வுக்கு வருபவர்கள் தண்ணீர், கழிப்பறை, கழிவு ஒப்பந்தம், பதிவேடு, ஸ்டாஃப் சான்றிதழ் எல்லாம் பார்ப்பார்கள். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில், கிளினிக் நடத்த என்ற நோக்கம் தெளிவாக எழுதி இருக்கட்டும். "கடை" என்று மட்டும் இருந்தால் திரும்பி வரும்.

மருத்துவக் கழிவு: 2016 விதிகள். படுக்கை இல்லாத கிளினிக்குக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் ஒரே முறை வாங்கினால் போதும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டாம். ஆனால் வருடாந்திர அறிக்கை ஜூன் 30க்குள் போக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பொதுக் கழிவு சுத்திகரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது வண்டி எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் கழிவை வைத்திருக்கக் கூடாது.

தினமும் தப்பாகிற இடம் ஒன்று இருக்கிறது. ஊசி போட்டதும் சிரிஞ்சை அப்படியே வெள்ளை டப்பாவில் போட்டுவிடுவார்கள். ஊசி முனையை கட்டரில் வெட்டி, முனை மட்டும் வெள்ளை டப்பாவுக்கு. பிளாஸ்டிக் குழலும் கையுறையும் சிவப்புப் பைக்கு. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டு, காலாவதி மருந்து மஞ்சளுக்கு. உடைத்த கண்ணாடி ஆம்பூல் நீலத்துக்கு. கட்டர் மேஜையில் ஊசி போடும் இடத்திலேயே இருக்க வேண்டும். மூன்றடி தள்ளி வைத்தால் நர்ஸ் மூடியை மறுபடி மாட்டிக் கொண்டு போவார், அப்போதுதான் விரலில் குத்தும்.

மருந்து: உங்கள் சொந்த நோயாளிக்கு நீங்களே கொடுக்க லைசென்ஸ் தேவையில்லை, மருந்து விதிகளின் கே அட்டவணையில் விலக்கு உண்டு. ஆனால் திறந்த கடை போலவோ, வேறு டாக்டர் எழுதிய சீட்டுக்கோ விற்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ தயாரிப்பாளரிடமோ மட்டும் வாங்கி, மருந்தின் பெயர், அளவு, தயாரிப்பாளர், பேட்ச் எண் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஹெச் அட்டவணை மருந்துக்கு (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்கக்கூடியது) உங்கள் பெயர், முகவரி, டோஸ் எழுதிய லேபிள் வேண்டும். கலர் மாத்திரையை வெறும் பேப்பரில் மடித்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே பல இடத்தில் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். மெடிக்கல் ஷாப் தனியாக வைக்க வேண்டுமென்றால் 20, 21 படிவ லைசென்ஸ், பார்மசிஸ்ட், குறைந்தது 10 சதுர மீட்டர் இடம். உங்கள் 450 சதுர அடியில் அது நான்கில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் உங்கள் பெயர்ப் பலகையை மாட்டச் சொல்லிக் கேட்பார்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் அது தடை. லேப், ஸ்கேன் சென்டர் கமிஷனும் தடை. "எனக்குத் தரும் பங்கை நோயாளி பில்லில் குறைத்துவிடுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடியும்.

ஸ்கேன் மெஷின்: வேண்டாம். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 பிசிபிஎன்டிடி சட்டத்தில் பதிவு இல்லாமல் கையடக்க மெஷின்கூட வைக்க முடியாது. பதிவுக் கட்டணமே 25,000 ரூபாய், ஐந்து வருடத்துக்கு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம், மாதாந்திர அறிக்கை அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டம் நம்முடையது. சட்டவிரோத ஸ்கேன் கும்பல்களும் இங்கே பிடிபட்டிருக்கின்றன. கண்காணிப்பு கடுமையாக இருப்பது நியாயம். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வயிற்றுவலிக்கு ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்புவதே நல்லது.

கரண்ட்: கடை இடத்துக்கு வணிக இணைப்பு. வீட்டோடு ஒட்டிய ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் மட்டும் வீட்டுக் கட்டணம். தொழில் வரி உள்ளாட்சி அலுவலகத்தில் அரையாண்டுக்கு ஒரு முறை.

---

கணக்கு_தருமபுரி:

கட்டுபடியாகும் எண்ணிக்கையை இப்படிப் போடுங்கள். கீழே இருப்பது உதாரணம்தான், உங்கள் தொகையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதச் செலவு: வாடகை 12,000, நர்ஸ் 12,000, டோக்கன் கொடுப்பவர் 9,000, கரண்ட் 3,000, கழிவு வண்டி 1,500, பஞ்சு சிரிஞ்ச் வகையறா 6,000, சில்லறைச் செலவு 5,000, லோன் தவணை 15,000. மொத்தம் 63,500. ஃபீஸ் 150, மாதம் 25 நாள் என்றால் ஒரு நாளைக்கு 17 பேர் காசு கொடுத்தால் செலவு மட்டும் அடையும். உங்கள் சம்பளம் அதற்கு மேல்தான் வரும். 30 பேர் என்றால் வரவு 1,12,500, கையில் 49,000.

இதில் எல்லோரும் தவறவிடுவது ரிவ்யூ. "அஞ்சு நாளைக்குள்ள வந்தா ஃபீஸ் இல்ல" என்று போட்டால் பத்தில் மூன்று பேர் இலவசமாக வரலாம். அப்போது 17 பேர் காசு கொடுக்க நீங்கள் 25 பேரைப் பார்க்க வேண்டும். ரிவ்யூவை மூன்று நாளாகக் குறையுங்கள், அல்லது பாதி ஃபீஸ் வையுங்கள். இல்லையென்றால் அரூர்க்காரர் சொன்ன டோக்கன் கணக்கு உடையும்.

30 பேர் முதல் மாதத்திலேயே வரமாட்டார்கள். ஆறு மாதச் செலவு, இந்த உதாரணத்தில் சுமார் 3.8 லட்சம், தனியாக வங்கியில் இருக்க வேண்டும். அது இல்லாமல் திறந்தால் பயத்தில் டிரிப் ஏற்ற ஆரம்பிப்பீர்கள், ஞாயிறும் திறப்பீர்கள்.

வரி: வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் 44ஏடிஏ என்று எல்லோரும் சொல்லும் முறையில் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம், கணக்குப் புத்தகம் வேண்டாம். மேலே உள்ள உதாரணத்தில் வருட வரவு 13.5 லட்சம், லாபம் 6.75 லட்சம். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது. வேறு மருத்துவமனைக்கு விசிட்டிங் போனால் அவர்கள் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், அந்தத் தொகையும் வரவில் சேரும். வைத்திய ஆலோசனைக்கு ஜிஎஸ்டி இல்லை. வேலையை விடும் முன் பயிற்சி பாண்ட் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று ஆர்டரை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

---

தேன்கனிக்கோட்டை_ரோடு:

அரூர் சார் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் நாளிலிருந்தே 24 டோக்கன் என்று கட்டக் கூடாது. முதல் மூன்று மாதம் வருகிறவர்களை எல்லாம் பாருங்கள், ஆனால் நேரத்தை மட்டும் விடாதீர்கள். 1.30க்கு ஷட்டர் என்றால் 1.30. எண்ணிக்கையை விட நேரத்தைத்தான் ஊர் சீக்கிரம் பழகிக்கொள்ளும். எந்தெந்த நாள் கூட்டம் என்பதும் அந்த மூன்று மாதத்தில் தெரியும். போச்சம்பள்ளியில் ஞாயிறு சந்தை என்பதால் அந்தப் பக்கத்து டாக்டர்கள் ஞாயிறு திறந்து வேறு நாள் லீவு விடுவது அர்த்தமுள்ளது. பாலக்கோட்டில் உங்கள் ஊர் சந்தை நாளைப் பார்த்து லீவு நாளை முடிவு செய்யுங்கள்.

வேலையை ஒரேயடியாக விட வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஆரம்பத்தில் வாரம் ஒரு பகல் ஷிஃப்ட் மட்டும் வேறு எங்காவது செய்தால் வாடகைப் பயம் போகும். நைட் மட்டும் எடுக்காதீர்கள். நைட் முடித்துவிட்டு காலை 9.30க்கு ஓபி உட்கார்ந்தால் பத்தாவது நோயாளிக்கே கோபம் வரும்.

நர்ஸ் தேர்வு: தெலுங்கு, கன்னடம் பேசுபவராக இருந்தால் மேல். நம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பாட்டிகள் "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்பதைத் தாய்மொழியில் சொன்னால்தான் எந்த மாதிரி என்று தெரியும்.

தடுப்பூசி வைத்தால் சாதாரண ஃபிரிட்ஜின் கதவில் வைக்காதீர்கள், ஃப்ரீசர் தட்டை ஒட்டியும் வைக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரி. நடுத்தட்டில் தெர்மாமீட்டர், காலை மாலை எழுதி வைக்க வேண்டும். கீழ்த்தட்டில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் கரண்ட் போனாலும் சூடு ஏறுவது தாமதமாகும். டிடி, ஹெபடைடிஸ் பி எல்லாம் உறைந்தால் வீண், பார்த்தால் தெரியாது.

---

வெள்ளைக்கோட்டு:

எல்லோருக்கும் நன்றி. படுக்கையும் ஸ்கேனும் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஊசி போட்டே ஆக வேண்டும் என்று நிற்பவர்களை எப்படி அனுப்புவது? இரவு வாட்ஸ்அப் தொல்லைக்கும் லீவுக்கும் என்ன வழி?

---

அரூர்க்காரர்:

ஊசி கேட்பவருக்கு "ஊசி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். அங்கே படிக்காத ஆள்கூட ஊசி போடுவார். தொட்டுப் பார்த்து, காய்ச்சலை அளந்து எண்ணைச் சொல்லி, "பாராசிட்டமால் 500 போட்டு முக்கால் மணி நேரத்துல இறங்கும், ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி போடலாம். மூணாவது நாளும் காய்ச்சல் இருந்தா ரத்தப் பரிசோதனை" என்று எழுதிக் கொடுங்கள். ஊசியில் அவர் தேடுவது, டாக்டர் ஏதோ செய்தார் என்ற நம்பிக்கை. அதைக் கையாலும் வாயாலும் கொடுக்கலாம். வாந்தி பேதிக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டை அங்கேயே ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து நர்ஸ் கையால் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வையுங்கள். அரை மணி நேரத்தில் அது வயிற்றில் தங்குவதைப் பார்த்துவிட்டால் டிரிப் கேட்க மாட்டார்கள். தங்கவில்லை என்றால் அவரை அனுப்ப வேண்டிய இடம் அரசு மருத்துவமனை.

வாட்ஸ்அப்: 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி மெசேஜில் சொல்லும் ஆலோசனையும் மருத்துவ ஆலோசனைதான், பொறுப்பும் உங்களுடையதுதான். சொந்த நம்பரைக் கொடுக்கவே வேண்டாம். கிளினிக்குக்கு ஒரு தனி போன், அது கிளினிக்கிலேயே இருக்கும், 5.30க்கு மேல் சைலன்ட். தானாகப் போகும் பதிலில் நேரம், 108, அரசு மருத்துவமனை என்று மட்டும் இருக்கட்டும். ரிசல்ட் பார்த்துச் சொல்வது போன்ற ரிவ்யூவுக்கு மதியம் 2.30 முதல் 3 மணி வரை போன் நேரம் வையுங்கள், அதற்கு ஒரு சின்ன ஃபீஸ் வாங்குங்கள், ஃபைலில் ஒரு வரி எழுதுங்கள்.

லீவு: பக்கத்து ஊரில் உங்களைப் போலவே ஒற்றையாக நடத்தும் ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் லீவு போனால் அவர், அவர் போனால் நீங்கள். ஃபீஸ் பார்ப்பவருக்கே. லீவு செய்தியைப் பத்திரிகையில் அறிவிக்க நெறிமுறை விதிகளிலேயே இடம் உண்டு, வாசலிலும் ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டுங்கள். போகும் முன் வார்ஃபரின், இன்சுலின், வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் பெயரையும் கடைசி டோஸையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலை இப்போதிருந்தே நர்ஸ் ஒரு நோட்டில் ஏற்றி வந்தால் லீவு போகும் அன்று பத்து நிமிட வேலைதான்.